மாடிக்குத் தண்ணீர் ஊற்றும் நேரம்

குழந்தையை ஓரிடத்தில் விட்டுவிட்டுக் கிளம்பும்போது சொல்லிவிட்டுக் கிளம்புவது நல்லதா, சொல்லாமல் கிளம்புவது நல்லதா? நான்கு வருடங்களாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். இரண்டையும் செய்து பார்த்தவள் நான். அந்தத் தகுதி இருக்கிறது. பதில்தான் இல்லை.

நேற்றுச் சாயங்காலம் விழுப்புரத்தில் எங்கள் வாடகை வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மாடியில் யாரோ ரப்பர் குழாயைத் திறந்து தளத்துக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். மே மாதத்து வெயிலை நாள் முழுக்க வாங்கி வைத்திருக்கும் சிமெண்டுத் தளத்தில் முதல் தண்ணீர் விழும்போது உஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். கூடவே ஒரு வாசனை. பழைய சுண்ணாம்பும் தூசியும் சூடான செங்கல்லும் கலந்த வாசனை. அது மூக்கில் ஏறியதும் என் கால்கள் செருப்பைத் தேடின. உண்மையாகத்தான் சொல்கிறேன். கையில் துணி, முன்னால் கொடி, நான் குடியிருக்கும் வீட்டு மாடியில்தான் நிற்கிறேன். ஆனாலும் கால்கள் ஓடுவதற்குத் தயாராகிவிட்டன. நான்கரை மணி, கிளம்பு கிளம்பு என்று உடம்பு சொல்கிறது.

எங்கே கிளம்புவது? பாப்பா கீழேதான் இருக்கிறாள். இப்போது ஏழு வயது. எங்களோடுதான் இருக்கிறாள்.

அவளுக்கு மூன்று வயதாக இருந்தபோது அப்படி இல்லை. நான் விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் பண்ணும் வேலை பார்த்தேன். இப்போதும் அதே வேலைதான். டாக்டர் சொல்லச் சொல்ல அடிக்கவேண்டும். கல்லீரல் நார்மல், மண்ணீரல் நார்மல், சிறுநீரகம் நார்மல் என்று ஒரு நாளைக்கு நூறு தடவை அடிப்பேன். அடித்து அடித்து, வீட்டுக்கு வந்தால் எதுவுமே நார்மலாக இல்லை என்று தோன்றுகிற வியாதி எனக்கு வந்துவிட்டது. பாப்பாவின் அப்பாவுக்குப் பயிர் மருந்து கம்பெனி வேலை. காலையில் பைக்கை எடுத்தால் அனந்தபுரம், மயிலம் பக்கத்துக் கிராமங்களெல்லாம் சுற்றிவிட்டு இருட்டிய பிறகு வருவார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. வீட்டுக்கார அம்மாவிடம் மூன்று வாரம் விட்டோம். மூன்று வாரமும் சளி, காய்ச்சல். வேலையை விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதை என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. நானும் என்னைக் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் படித்து வேலைக்குப் போன முதல் பெண் நான் என்பது ஒரு காரணம். அது சரியான காரணமா என்று இப்போதும் சந்தேகம்.

அப்போதுதான் என் ஓரகத்தி, அதாவது பாப்பாவின் பெரியப்பா மனைவி, திண்டிவனத்திலிருந்து போன் பண்ணினார். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளி மாநிலத்தில். ஒரே பையன் சென்னையில் ஹாஸ்டலில். அக்காவுக்குப் பொழுது போகாது.

"இன்னாத்துக்குடி அந்தப் புள்ளய மாத்தி மாத்தி யார் கையிலயோ குடுத்துக்கினு இருக்கிற? கொண்டாந்து எங்கிட்ட வுடு. சனிக்கெழம சனிக்கெழம வந்து பாத்துக்க" என்றார்.

அப்படித்தான் எங்கள் வீட்டில் சனிக்கிழமை என்ற ஒரு நாள் உண்டானது.

சனிக்கிழமை ஸ்கேன் சென்டர் இரண்டு மணிக்கு மூடும். சாப்பிடாமல் ஓடி பஸ் ஏறுவேன். சென்னை பஸ்காரன் திண்டிவனத்துக்கு ஆள் ஏற்ற யோசிப்பான்; அவனிடம் கெஞ்சி நின்றுகொண்டே போன நாட்கள் உண்டு. கூட்டேரிப்பட்டில் ஜன்னல் வழியாக நுங்கு வாங்குவேன். பச்சை ஓலையில் கட்டிக் கொடுப்பார்கள். மடியில் வைத்திருந்தால் சுடிதார் தொடை முழுக்க ஈரமாகிவிடும். அந்த ஈரத்தோடு தெருமுனையில் திரும்பும்போதே பாப்பா வாசலில் நிற்பது தெரியும். ஓடி வருவாள். என்னைக் கட்டிக்கொள்ள மாட்டாள், நேரே நுங்கைத்தான் பிடுங்குவாள். விரலால் நுங்கைக் குத்தி, தண்ணீர் முகத்தில் பீய்ச்சியடித்ததும்தான் "அம்மா!" என்பாள். பாப்பாவின் அப்பா ஏழு மணி வாக்கில் பைக்கில் வந்து சேர்வார். அவருக்கும் அதே வரவேற்புத்தான். "பையில இன்னா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா கேப்பைக் கூழ் கரைத்திருப்பார். தொட்டுக்கொள்ள மாங்காய்த் துண்டு, சின்ன வெங்காயம். பாப்பா கூழை மீசையாகப் பூசிக்கொண்டு "நான் பெரிப்பா" என்பாள். பத்து மணிக்கு மரக்காணத்திலிருந்து மீன்காரர் வண்டியில் வருவார். மதியம் கரண்டு போகும். தரையில் தண்ணீர் தெளித்து, துடைக்காமல், ஈரத்தின் மேலேயே நாங்கள் மூன்று பேரும் படுப்போம், நடுவில் பாப்பா. அக்கா பனையோலை விசிறியால் வீசிக்கொண்டே ஊர்க் கதைகளைச் சொல்வார். என்னைப்போல் பயந்து பயந்து பேசுகிறவர் இல்லை அவர். பேங்க் மேனேஜராக இருந்தாலும் "இன்னா நீ?" என்றுதான் ஆரம்பிப்பார். அவர் சிரித்தால் பாப்பாவும் சிரிப்பாள், எதற்கென்று தெரியாமலே. இதற்கு மேல் அந்த நாட்களில் ஒன்றும் விசேஷமில்லை. ஒரு குடும்பம் கோடையில் சாப்பிட்டுத் தூங்கியது. அவ்வளவுதான்.

ஆனால் மூன்று மணி ஆனதும் நான் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். சாயங்காலம் கிளம்பவேண்டும்.

ஆரம்பத்தில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினோம். பாப்பாவைத் தூக்கி முத்தம் கொடுத்து, டாட்டா காட்டி, முறையாக. அவள் அழுவாள். நானும் வாசலைத் தாண்டியதும் அழுவேன். திரும்பி வந்து இன்னொரு முத்தம் கொடுப்பேன். அவள் இன்னும் பலமாக அழுவாள். அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்ப்பார்.

"ஏண்டி, நீ என்ன டில்லிக்கா போற? இங்கருக்கிற விழுப்புரத்துக்கு இவ்ளோ அழுவாச்சியா? சொல்லாத. ஜல்தியா கெளம்பிப் போய்க்கினே இரு. சொன்னாத்தான் பேஜாரு."

"சொல்லாமப் போனா தேடுவாளேக்கா?"

"தேடட்டும். பத்து நிமிசம் தேடுவா, ஒரு பிஸ்கோத்துக் குடுத்தா மறந்துடுவா. நீ சொல்லிட்டுப் போனா ராத்திரி பூரா நான்தான் தூக்கிக்கினு நடக்கணும்."

எனக்கு மனசு ஒப்பவில்லை. குழந்தையிடம் பொய் சொல்லக் கூடாது என்று எங்கேயோ படித்திருந்தேன். நான் படித்ததெல்லாம் எங்கேயோ படித்ததுதான். எதையும் முழுதாக நம்பும் தைரியம் கிடையாது. ஆனாலும் சொல்லிவிட்டுத்தான் போவேன் என்று இரண்டு மாதம் பிடிவாதமாக இருந்தேன், மயிலம் போன அந்த ஞாயிற்றுக்கிழமை வரை.

பாப்பாவுக்கு மொட்டை போட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. மலைக்கோவிலுக்குப் போய் ஒரு தரிசனம் பண்ணிவிட்டு வரலாம் என்றார் அக்கா. பாப்பாவின் அப்பா அந்த வாரம் பைக் எடுத்து வரவில்லை, எல்லோரும் பஸ்ஸில் போனோம். உச்சி வெயில். படிக்கட்டில் கால் வைக்க முடியவில்லை. பாப்பா அப்பாவின் தோளில் உட்கார்ந்துகொண்டு, கீழே குதித்துக் குதித்து ஏறும் என்னைப் பார்த்து, "அம்மா டான்ஸு ஆடுது" என்று கை தட்டினாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை. இறங்கி, கூட்டேரிப்பட்டுக்கு வந்தோம். அங்கேதான் நான் நினைத்துப் பார்க்காத சிக்கல். நாங்கள் விழுப்புரம் பக்கம் போகவேண்டும். அக்காவும் பாப்பாவும் திண்டிவனம் பக்கம். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பஸ், அந்தப் பக்கம் ஒரு பஸ். நடுரோட்டில் பிரியவேண்டும்.

அவர்கள் பஸ்தான் முதலில் வந்தது. ஜன்னல் வழியாகப் பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "அம்மா வேலைக்குப் போய்ட்டு சனிக்கிழமை வர்றேன்டா கண்ணு."

"சனிக்கெழம எப்போ?"

"ஆறு தடவ தூங்கி எழுந்தா சனிக்கிழமை."

அதைச் சொன்னபோது எனக்கு என்மேலேயே ஒரு மெச்சுதல். குழந்தைக்குப் புரிகிற மாதிரி எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டோம் என்று. பஸ் நகர்ந்தது. அவள் வீறிட்டது நான்கு வழிச் சாலை முழுக்கக் கேட்டது.

நாங்கள் வீட்டுக்கு வந்து விளக்கு ஏற்றும் நேரத்தில் அக்கா போன் பண்ணினார். அழுது அழுது பஸ்ஸிலேயே இரண்டு தடவை வாந்தி எடுத்திருக்கிறாள். கண்டக்டர் கத்தியிருக்கிறார். வீட்டுக்குப் போனதும் சாப்பாடு வேண்டாம் என்று பாயில் படுத்திருக்கிறாள். கண்ணை இறுக்கி மூடுவது, உடனே எழுந்து உட்காருவது. மறுபடி படுப்பது, மறுபடி எழுவது.

"இன்னாடி பண்றேன்னு கேட்டா, 'தூங்கி எழுந்துட்டேன், தூங்கி எழுந்துட்டேன்'ங்குதுடி. ஆறு தடவ அப்டிப் பண்ணிட்டு, வாசல்ல போய் நின்னுக்கினு, 'சனிக்கெழம ஆயிடுச்சு பெரிம்மா, அம்மா எங்க?'ங்குது. நான் என்னத்தச் சொல்ல?" அக்காவின் குரல் உடைந்தது. அவர் அழுது நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு பழைய அக்காவாகிவிட்டார். "பாத்தியா, சொல்லிட்டுப் போன லட்சணம்?"

அன்றைக்கு என் பிடிவாதம் முடிந்தது. உண்மையைச் சொல்லி இப்படி ஆக்குவதைவிடப் பொய்யே மேல் என்று முடிவு செய்தேன். இப்போதும் அந்தப் பாயை நினைத்தால் அந்த முடிவு சரி என்றுதான் தோன்றுகிறது. அதுதான் சங்கடம்.

அடுத்த வாரத்திலிருந்து திருட்டுத்தனம் ஆரம்பித்தது. முதலில் மதியத் தூக்கத்தைப் பயன்படுத்தினேன். பாப்பா தூங்கும்போது என் நைட்டியை ஒரு கையில் கொத்தாகப் பிடித்துக்கொள்வாள். பிடியை விடுவித்தால் முழித்துக்கொள்வாள். அதனால் உள்ளே சுடிதாரை முழுசாகப் போட்டுக்கொண்டு, மேலே நைட்டியை மாட்டிக்கொண்டு படுப்பேன். அந்த வெயிலில், கரண்டு இல்லாத வீட்டில், இரண்டு உடுப்போடு. அவள் மூச்சு சீரானதும், பாம்பு சட்டை உரிப்பதுபோல நெளிந்து நெளிந்து நைட்டிக்குள்ளிருந்து வெளியே வருவேன். நைட்டி அவள் கையில் இருக்கும், நான் வாசலில் இருப்பேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். "பட்டம் வாங்குனவடி நீ! இதுக்குத்தான் படிச்சியா?" என்று கிசுகிசுப்பார். பாப்பாவின் அப்பா தெருமுனையில் பைக்கை ஸ்டார்ட் பண்ணாமல் பிடித்துக்கொண்டு நிற்பார். எனக்கும் சிரிப்பு வந்தது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். பைக்கில் பின்னால் உட்கார்ந்து, முகத்தில் அடிக்கும் அனல்காற்றில், நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே போயிருக்கிறோம்.

மூன்று வாரம் அது செல்லுபடியானது. நான்காவது வாரம் பாப்பா மதியம் தூங்கவில்லை. கண் சொக்கும், தலை ஆடும், உடனே உதறிக்கொண்டு உட்காருவாள். "தூங்கலாம் வாடா" என்றால், "நைட்டி போடாத" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் மணி மூன்றாகிவிட்டதே என்றுதான் அடுத்ததாக நினைத்தேன்.

மாடி யோசனை அக்காவுடையது. கோடையில் சாயங்காலம் மாடித் தளத்துக்குத் தண்ணீர் ஊற்றினால்தான் ராத்திரி கீழே படுக்க முடியும். பாப்பாவுக்கு அந்த வேலை உயிர். ஒரு சிவப்பு பிளாஸ்டிக் மக்கில் மொண்டு மொண்டு ஊற்றுவாள். உஸ்ஸென்று ஆவி வரும்போதெல்லாம் "தோச!" என்று கத்துவாள். நான்கரை மணிக்கு அக்கா அவளை மேலே கூட்டிக்கொண்டு போவார். முதல் வாளி விழும் சத்தம் கேட்டதும் நான் பின்கதவு வழியாக வெளியேறுவேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கத்துச் சந்து தாண்டி, அப்புறம்தான் போட்டுக்கொள்வேன். பை மூன்று மணிக்கே தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போயிருக்கும். அந்தக் கடைக்கார அண்ணனுக்கு எங்கள் கதை முழுக்கத் தெரியும்.

"இன்னாம்மா, எஸ்கேப்பா? போலீசு வந்து கேட்டா ஒம் பையி இங்க இல்லேன்னு சொல்லிடறேன், பயப்படாம போ" என்பார்.

இப்படி அந்தக் கோடை முழுக்க. பிறகு மழைக்காலத்தில் வேறு சாக்குகள். அடுத்த கோடையில் மறுபடி மாடி. ஒவ்வொரு தடவையும் தேடினாளா என்று கேட்பேன். முதலில் எல்லா அறைக்கும் போய்ப் பார்த்தாள், கட்டிலுக்குக் கீழே பார்த்தாள், குளியலறைக் கதவைத் தட்டினாள் என்பார் அக்கா. போகப்போக, வாசல் வரைக்கும் வந்து பார்த்தாள் என்பார். அப்புறம், தேடலை என்பார். தேடும் இடங்கள் வாரத்துக்கு வாரம் குறைந்தன. எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை அக்கா போனில், "நேத்து உம் பையப் பாத்துட்டாடி" என்றார். நான் உள்ளே தலை வாரிக்கொண்டிருந்த நேரத்தில், பாப்பா ஐஸ் கேட்டாளென்று அவர் கடைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். சோடா பெட்டிக்குப் பக்கத்தில் என் பை.

"கிட்டப் போயி ஜிப்பத் தொட்டுப் பாத்தா. அப்பறம் ஐச வாங்கிக்கினு வந்துட்டா."

"ஏதாவது கேட்டாளாக்கா?"

"ஒண்ணுமே கேக்கல. வுடு, பழகிட்டா."

அதற்கு அடுத்த ஞாயிறு. நான்கு மணிதான் இருக்கும். நான் சமையலறையில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். பாப்பா சிவப்பு மக்கை எடுத்துக்கொண்டு அக்காவிடம் வந்தாள்.

"பெரிம்மா, வா. தண்ணி ஊத்தப் போலாம்."

"இன்னும் வெயில் கொளுத்துதே கண்ணு. கொஞ்சம் தாழட்டும்."

"வா பெரிம்மா. அம்மாக்கு பஸ்ஸு போய்டும்."

சொல்லிவிட்டு என் பக்கம் பார்க்காமலே படி ஏறினாள். ஒரு கை சுவரில், ஒரு கையில் மக்கு. நான்கு வயதுக் குழந்தை. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து ஏறினாள். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நான் கிளம்புவதற்கு அவள் ஒளிந்துகொண்டாள். அப்படித்தான் இப்போது அதைப் புரிந்துகொள்கிறேன்.

அப்போது என்ன புரிந்துகொண்டேன் தெரியுமா? அக்கா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தி, "பாத்தியா? பெரிய மனுசி!" என்றார். நானும் சிரித்தேன். முன்வாசல் வழியாகவே போயிருக்கலாம், யாரிடமிருந்து ஒளியவேண்டும்? ஆனாலும் பழக்க தோஷம், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கமாகவே போனேன். சந்தில் நின்றபோது மேலே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. "தோச" சத்தம் கேட்கவில்லை. ஒரு நிமிடம் நின்றேன். கூப்பிடலாமா என்று நினைத்தேன். கூப்பிட்டால் அழுவாளோ, பழகியது கெட்டுப்போகுமோ என்று பயம். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பாப்பாவின் அப்பா அந்த வாரம் வரவில்லை. அவருக்குப் போன் பண்ணி, "அவளே அனுப்பி வெச்சிட்டாங்க, இனிமே கவலையே இல்ல" என்றேன். அவித்த மல்லாட்டை, வேர்க்கடலைதான், ஒரு பொட்டலம் வாங்கி விழுப்புரம் வரைக்கும் தின்றுகொண்டே வந்தேன். அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஸ்கூல் சேர்க்கும் வயது வந்ததும் அவளை எங்களோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சரியாகத்தான் இருக்கிறது. எந்த ரிப்போர்ட்டிலும் நார்மல் என்றுதான் வரும். நன்றாகச் சாப்பிடுகிறாள், படிக்கிறாள். நான் வெளியே கிளம்பினால் தலை நிமிர்த்திப் பார்க்க மாட்டாள். எப்போது வருவாய் என்று இதுவரைக்கும் ஒரு தடவை கேட்டதில்லை. போன பிப்ரவரியில் ஒரு நாள் சென்டரில் கூட்டம், அவளைக் கூப்பிட ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போனேன். பள்ளிக்கூடமே காலி. வாட்ச்மேனுக்குப் பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியாகக் கிளம்பிய டீச்சர் சொன்னார்: "ஒரு வார்த்த கேக்கல மேடம், அம்மா வருவாங்களான்னு. மத்த பசங்களா இருந்தா ஊரக் கூட்டியிருக்கும். இப்படி ஒரு சமத்த நான் பாத்ததில்ல." நான் தேங்க்ஸ் சொன்னேன். தேங்க்ஸ்!

பாப்பாவின் அப்பாவிடம் சொன்னால், "அது அவ சுபாவம். ரிப்போர்ட் அடிக்கிறவ நீ, டாக்டர் இல்ல. எல்லாத்துலயும் நோய் பாக்காத" என்கிறார். அவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். அமைதியான குழந்தைகள் உலகத்தில் இல்லையா? நான்தான் தோண்டித் தோண்டிப் பார்க்கிறேனோ? ஆனால் எனக்கு அந்தப் பஸ்ஸில் வீறிட்ட குரல் ஞாபகம் இருக்கிறது. அது அமைதியான சுபாவம் உள்ள குழந்தையின் குரல் இல்லை.

இப்போது மறுபடியும் மே மாதம். பள்ளிக்கூடம் மூடியாயிற்று. வீட்டில் ஆள் இல்லை. பத்து நாளாக அவளைச் சென்டருக்கே கூட்டிப்போய் என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார வைக்கிறேன். இனிமேல் கூட்டிவர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை அக்காவுக்குப் போன் பண்ணினேன். "கொண்டாந்து வுடு, இதக் கேக்கணுமா? ஞாயித்துக்கெழம வா" என்றார். பாப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று அன்றைக்கு முழுக்க வார்த்தைகளை ஒத்திகை பார்த்தேன். வியாழக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால், அவள் ஸ்கூல் பையிலிருந்த புத்தகங்கள் அலமாரியில் அடுக்கியிருக்கின்றன. பையில் ஐந்து கவுன், உள்ளாடைகள், பிரஷ், சீப்பு. எல்லாம் மடித்து வைத்திருக்கிறாள்.

"யாருடா எடுத்து வெக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நீ போன்ல பேசுன இல்ல?"

"பெரிம்மா வீட்டுக்குப் போக உனக்குப் பிடிச்சிருக்கா?"

"பரவால்ல" என்றாள்.

பரவாயில்லை என்பது ஏழு வயதுக் குழந்தை சொல்கிற வார்த்தையா? நான் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். போகப் பிடிக்கவில்லை என்றால் சொல்லலாம், கோபம் வந்தால் கோபப்படலாம், அம்மா ஒன்றும் நினைக்க மாட்டேன், அழவேண்டும் என்று தோன்றினால் அழு என்றேன். என் குரலே எனக்குப் பிச்சை கேட்பதுபோல் இருந்தது.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் எதற்கோ பயப்படுகிறேன் என்று தெரிந்துகொண்டவள் மாதிரி என் கையை அழுத்தினாள்.

"நான் அழவே மாட்டேம்மா. ப்ராமிஸ்."

திண்டிவனத்து வீட்டு மாடிக்கு இப்போது தகரக் கூரை போட்டுவிட்டார்கள். அங்கே யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. பெட்டிக்கடை அண்ணன் கடையை எடுத்துவிட்டுப் புதுச்சேரிப் பக்கம் மகளோடு போய்விட்டார். ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ் போர்டு. இவையெல்லாம் போனதைப் பற்றி எனக்கு ஒன்றும் வருத்தமில்லை; எந்த ஊரிலும் இப்படித்தான். வாந்தி எடுக்கும் வரைக்கும் என்னைக் கேட்டு அழுத ஒரு பிள்ளை இருந்தாள். அவளை வாரம் ஒரு தடவையாக, கொஞ்சம் கொஞ்சமாக, சிரித்துக்கொண்டே, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நான்தான் இல்லாமல் ஆக்கினேன். கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவில்லை. யாரும் கெட்டவர்களும் இல்லை.

இதைப் படிக்கிற அம்மாக்களிடம் ஒன்று கேட்கிறேன். அப்பாக்களும் சொல்லலாம். உங்கள் வீட்டில் ஒரு குழந்தை இப்படி நல்ல பிள்ளையாகிப் போய், பிறகு ஒரு நாள் மறுபடியும் அடம் பிடிக்கவும் உங்கள் மேல் கோபப்படவும் ஆரம்பித்திருந்தால், அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். வயசானால் சரியாகிவிடும் என்று மட்டும் எழுத வேண்டாம். அதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். என்ன செய்தீர்கள், என்ன பேசினீர்கள், அது போதும். நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் எழுத முடியாவிட்டாலும் பிறகாவது எழுதுங்கள். அடுத்த கோடையிலும் எங்களுக்கு வேறு வழி இருக்கப்போவதில்லை.